மறுத்தது யார்?

"கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு" என்ற இரண்டு சொற்களைத் திரையில் கண்டால் எங்கள் துறை ஆய்வு மாணவர்கள் என் அறைக் கதவைத் தட்டுகிறார்கள். மொழியியல் துறையில் இது விந்தையான புகழ்தான். கணினி அறிவியலில் நான் ஒரு தாளும் எழுதித் தேறியவள் அல்லள். சென்ற வாரம் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி, "அக்கா, இதை ஒரு முறை எழுதி வைத்துவிடுங்களேன், எல்லாரும் படித்துக்கொள்கிறோம்" என்றாள். எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, என் அப்பாவை விட்டுவிட்டு இதை எழுத என்னால் இயலாது என்று. ஆகவே பதிவு நீளும். பொறுத்தருள்க.

என் ஆய்வு, மும்பை தாராவியில் மூன்று தலைமுறைகளாக வாழும் திருநெல்வேலி வழிக் குடும்பங்களின் பேச்சுத் தமிழைப் பற்றியது. இரண்டு ஆண்டுகளில் 58 மணி நேர ஒலிப்பதிவு சேர்ந்திருக்கிறது. பேசியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கடன், வீட்டுச் சண்டை, மருமகள்மீது மனத்தாங்கல் என எல்லாவற்றையும் ஒலிவாங்கியை மறந்து பேசியவர்கள். இப்பதிவுகளை வேறெந்த நிறுவனத்தின் சேமிப்பிலும் ஏற்றமாட்டேன் என்று அவர்களுக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறேன். எனவே அவை ஒரே ஒரு கணினியில் இருக்கின்றன. உதவித்தொகையில் மிச்சம் பிடித்து, நல்ல கிராஃபிக்ஸ் கார்டுடன் வாங்கிய மேசைக் கணினி அது. ஹைதராபாத் விடுதி அறையின் மின்சாரத்தை நம்பி அதைக் கொண்டுவர மனம் வரவில்லை. டோம்பிவிலியில் எங்கள் வீட்டுக் கூடத்தில், சாமி அலமாரிக்குப் பக்கத்தில் அது நிற்கிறது. பேச்சொலியையும் அதன் எழுத்துப்படியையும் ஒலி ஒலியாகப் பொருத்தும் வேலையை நாள்கணக்கில் செய்வதே அதன் பணி. நான் ஹைதராபாத்தில் இருந்துகொண்டு அதற்குள் நுழைய வேண்டும். அதற்கான வழி எஸ்.எஸ்.எச்.

அந்தக் கணினிக்குக் காவல் என் அப்பா. மத்திய ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தவுண்டுக்கும் சோலாப்பூருக்கும் இடையே அந்நாளில் ஒற்றைப் பாதையாக இருந்த பகுதியில், ஊர் என்று சொல்ல ஒரு வேப்பமரமும் ஒரு தேநீர்க் கடையும் மட்டுமே கொண்ட நிலையங்களில் பல ஆண்டுகள் இரவுப் பணி பார்த்தவர். அம்மா மறைந்த பிறகு எங்களுக்குள் பேச்சு குறைந்துபோயிருந்தது. தொலைபேசியில் "சாப்பிட்டியாம்மா", "சாப்பிட்டேன்ப்பா" என்பதோடு முடிந்துவிடும்.

முதல் மறுப்பு சென்ற மே மாத விடுமுறையில் வந்தது. ஹைதராபாத்திலிருந்து முயல்வதற்கு முன், ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு கணினிகளையாவது பேச வைத்துப் பார்ப்போம் என்று உள்ளறையில் மடிக்கணினியோடு உட்கார்ந்தேன். கட்டளையைத் தட்டிய கணத்திலேயே மறுப்பு வந்துவிட்டது. காரணம் எளிது. மேசைக் கணினியில் நிறுவியிருந்த உபுண்டுவில் வெளியே போவதற்கான எஸ்.எஸ்.எச். மட்டுமே தொடக்கத்திலிருந்து இருக்கும். உள்ளே வருவோரை ஏற்கும் சர்வர் பகுதியைத் தனியாக நிறுவ வேண்டும். வாசலே வைக்காத வீட்டின் கதவை நான் தட்டிக்கொண்டிருந்தேன். ஓப்பன் எஸ்.எஸ்.எச். சர்வரை நிறுவிய ஐந்தாம் நிமிடம் இணைப்பு கிடைத்தது.

இங்கே சற்று நின்று அந்த மறுப்பின் பொருளைச் சொல்லிவிடுகிறேன். பிற்பாடு நடந்ததெல்லாம் இதைப் பொறுத்தது. ஒரு கணினி மற்றொன்றோடு பேச விரும்பினால், அதன் முகவரிக்கு, குறிப்பிட்ட ஒரு போர்ட் எண்ணுக்கு, "பேசலாமா?" என்று ஒரு சிறு பொதியை அனுப்புகிறது. எஸ்.எஸ்.எச்.சுக்கு உரிய எண் 22. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டதை அடுத்து, 1995இல் அங்கே ஆய்வாளராக இருந்த தாத்து யுலோனன் எழுதிய நிரல் இது. எஃப்.டி.பி.க்கு 21, டெல்நெட்டுக்கு 23 என்று இருந்ததால், நடுவில் காலியாக இருந்த 22ஐக் கேட்டு வாங்கினார். அந்தப் போர்ட்டில் யாரேனும் காத்திருந்தால் "பேசலாம்" என்று விடை வரும். கணினி விழித்திருந்தும் அந்தப் போர்ட்டில் எவரும் இல்லையென்றால், "இங்கே அப்படி யாரும் இல்லை" என்று உடனே திருப்பி அனுப்ப வேண்டும் என்பது 1981ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி. 793 வகுத்த விதி. இப்படித் திருப்பி அனுப்புவதைத்தான் நம் திரை "மறுக்கப்பட்டது" என்று காட்டுகிறது. கணினி அணைந்திருந்தாலோ, ஃபயர்வால் பொதியைச் சத்தமின்றி விழுங்கிவிட்டாலோ விடையே வராது. நெடுநேரம் காத்திருந்து "டைம்டு அவுட்" என்றோ, அந்த முகவரிக்கு வழியே இல்லை என்றோதான் செய்தி வரும். கடவுச்சொல் தவறென்றால் "பெர்மிஷன் டினைடு". அதைக் கண்டால் நீங்கள் மகிழவே வேண்டும், கதவு வரை போய்விட்டீர்கள். இவற்றையெல்லாம் "கனெக்ட் ஆகவில்லை" என்ற ஒரே தொடரில் அடக்கிக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள்மீது எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. நானே அப்படி இருந்தவள் என்பதால் அது நீடிப்பதில்லை.

இனி இரண்டாம் மறுப்பு. நான்கு நாள் நன்றாக ஓடியது. ஐந்தாம் நாள் காலை, 192.168.1.7 மறுக்கிறது என்றது திரை. முந்தைய இரவு மின்சாரம் போய் வந்திருந்தது. நான் உள்ளறையிலிருந்தே குரல் கொடுத்தேன்.

"அப்பா, கம்ப்யூட்டர்ல எதையாவது தொட்டீங்களா?"

"இல்லையேம்மா."

"அப்புறம் எப்படி மறுக்கும்? நேத்துவரைக்கும் விட்டுதே."

அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு என் பின்னால் வந்து நின்றார். கண்ணாடியை இறக்கி அந்த வரியை மெல்லப் படித்தார். பிறகு, "மறுத்தது யாரு?" என்று கேட்டார்.

"நம்ம கம்ப்யூட்டர்தான்."

"அதுதான் மறுத்துதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? பேரு எழுதலையே. நம்பர்தானே எழுதியிருக்கு."

அன்றுதான் அவர் தம் வேலையைப் பற்றி என்னிடம் முதன்முறையாக விரிவாகப் பேசினார். ஒற்றைப் பாதையில், ஒரு நிலையத்திலிருந்து ரயிலை அனுப்புவதற்கு முன் அடுத்த நிலையத்திடம் லைன் கிளியர் கேட்டுப் பெற வேண்டும். மணியடித்துக் கேட்க, மறுமுனை மணியடித்து விடை சொல்லும். அங்கிருப்பவர் ஒப்பினால்தான் இங்கே கருவியிலிருந்து டோக்கனை எடுக்க முடியும். டோக்கன் கையில் இல்லாமல் ஓட்டுநர் வண்டியை நகர்த்தக் கூடாது. "மூணு விஷயம் உண்டும்மா. லைன் கிளியர் கிடைச்சுது, லைன் கிளியர் இல்லேன்னாங்க, பதிலே இல்லை. மொதல் ரெண்டுக்கும் பயப்பட வேண்டாம். ரெண்டுலயும் அந்தப் பக்கம் ஒரு மனுஷன் முழிச்சிட்டிருக்கான். மூணாவதுதான் வயித்தைக் கலக்கும்" என்றார். கருவி பழுதாகித் தொலைபேசியில் லைன் கிளியர் வாங்க நேர்ந்தால் இன்னொரு சிக்கல் உண்டாம். ஒரே கம்பியில் பல நிலையங்கள் இருக்கும், எந்த நிலையம் பேசுகிறது என்பதை முதலில் உறுதிசெய்யாமல் எதையும் ஏற்கக் கூடாது.

நான் ரூட்டரின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மின்சாரம் வந்தபோது ரூட்டரும் கருவிகளும் ஒருசேர விழித்து, முகவரிகள் புதிதாகப் பங்கிடப்பட்டிருந்தன. மேசைக் கணினிக்குக் கிடைத்தது 192.168.1.9. பழைய 7 கூடத்துத் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் போயிருந்தது. நான் காலையிலிருந்து எங்கள் தொலைக்காட்சியை எஸ்.எஸ்.எச். கேட்டு நச்சரித்திருக்கிறேன். அதுவும் 1981இன் விதி வழுவாமல், "இங்கே அப்படி யாரும் இல்லை" என்று ஒவ்வொரு முறையும் பணிவாகச் சொல்லியிருக்கிறது. அப்பா தொலைக்காட்சியை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். மேசைக் கணினியின் வலையட்டை எண்ணுக்கு ஒரே முகவரியை நிலையாக ஒதுக்கும்படி ரூட்டரில் எழுதிவைத்தேன். ரூட்டர் உள்ள வீடுகளில் எல்லாரும் செய்துகொள்ள வேண்டியது இது, மூன்று நிமிட வேலை.

ஜூனில் ஹைதராபாத் திரும்பினேன். வெளியிலிருந்து வீட்டுக்குள் நுழைவது வேறு கதை. வீட்டின் பொது முகவரி என்று இணையம் காட்டிய எண்ணை நோக்கித் தட்டினால் மறுப்பு. ரூட்டரில் 22ஐத் திறந்துவிட்டும் பயனில்லை. அப்பாவை ரூட்டர் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, அதில் உள்ள வெளிமுகவரியைப் படிக்கச் சொன்னேன். அது 100.81 என்று தொடங்கியது. வெளியுலகம் கண்ட எண்ணோ வேறு. 100.64 முதல் 100.127 வரையிலான முகவரிகள் இணைய நிறுவனங்கள் தமக்குள் பயன்படுத்திக்கொள்ள 2012இல் ஒதுக்கப்பட்டவை. அதாவது எங்கள் வீடு பல வீடுகளோடு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்கிறது. நான் தட்டியது நிறுவனத்தின் கதவை. அந்தப் பக்கத்திலிருந்து எங்கள் ரூட்டருக்கு வழியே கிடையாது. அந்த நிலையில், வீட்டு ரூட்டரில் எதைத் திறந்தாலும் அது சுவரில் வரைந்த சன்னல்தான். இதைக் கண்டுபிடிக்கும் முன் நான் வீணாக்கியது மூன்று மாலைகள். நீங்கள் முதல் வேலையாக அந்த இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

உள்ளே போக வழியில்லையென்றால் உள்ளிருப்பவர் வெளியே வரலாம். வாடகைக்கு ஒரு சிறு சர்வரை எடுத்தேன். வீட்டுக் கணினி தானே அந்தச் சர்வரோடு ஓர் இணைப்பை ஏற்படுத்திக்கொண்டு, "உன்னிடம் 2222ஆம் போர்ட்டுக்கு வருவோரை என்னிடம் அனுப்பு" என்று கேட்டுக்கொள்ளும். நான் ஹைதராபாத்திலிருந்து முதலில் சர்வருக்குள் போய், அங்கிருந்து 2222 வழியாக வீட்டுக்குப் போவேன். பதிவுகள் சர்வரில் தங்குவதில்லை. மறைகுறியிட்ட ஓட்டமாக அதைக் கடந்து போவதோடு சரி. இங்கும் ஒரு மறுப்பு ஒளிந்திருக்கிறது. அந்த 2222, சர்வரின் உள்ளிருந்து வருவோருக்கு மட்டுமே திறப்பது வழக்கமான அமைப்பு. வெளியிலிருந்து நேரே அதைத் தட்டினால் மறுப்புத்தான். அப்படி இருப்பதே நல்லது, மாற்ற வேண்டாம்.

முதன்முறை இவ்வழியே நுழைந்தபோது, "இந்தக் கணினியை எனக்குத் தெரியாது, இதன் கைரேகை இது, நம்பலாமா?" என்று கேட்டு 43 எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு நீண்ட சரத்தைத் திரை காட்டியது. நாம் எல்லாரும் "யெஸ்" என்று தட்டிவிட்டுப் போகிற இடம். அப்பாவின் அன்றைய கேள்வி நினைவில் இருந்ததால் அவரை அழைத்தேன். வீட்டுத் திரையில் அதே கைரேகையை வரவழைக்கும் கட்டளையைச் சொல்லித் தட்டச் செய்து, படிக்கச் சொன்னேன். "பெரிய கே, சின்ன கியூ, நாலு, பெரிய ஆர்..." என்று அவர் படிக்கப் படிக்க நான் சரிபார்த்தேன். முடித்ததும், "இது பிரைவேட் நம்பர்மா" என்றார். தொலைபேசியில் லைன் கிளியர் கொடுக்கும்போது, தமக்கென்று அளிக்கப்பட்ட தாளிலிருந்து ஓர் எண்ணைச் சொல்லி, அதை அடித்துவிட வேண்டுமாம். அந்த எண்ணைப் பெற்றவர் தம் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். சொன்னது யார், உண்மையில் சொன்னாரா என்பதற்கு அதுவே சான்று. நம் கைரேகை ஒவ்வொரு முறையும் மாறாது, அவர்களுடைய எண் ஒரு முறைக்கு மேல் செல்லாது என்ற வேற்றுமையை நான் விளக்கினேன். "அப்ப உங்களோடது கொஞ்சம் தளர்வுதான்" என்றார். ஒவ்வொரு இணைப்புக்கும் உள்ளே புதுப்புதுத் திறவு உருவாகிறது என்பதை வாதாடி நிறுவ அரைமணி நேரம் ஆனது. அம்மா போனபின் நாங்கள் அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான்.

அதன்பின் அவர் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார். மின்சாரம் போனது, வந்தது, நான் அழைத்தது, என்ன தட்டச் சொன்னேன், திரை என்ன சொன்னது என எல்லாம் 24 மணிக் கணக்கில் அதில் ஏறின. ரயில்வேயில் அந்தப் பதிவேட்டில் எதையும் அழிக்கக் கூடாதாம். பிழையென்றால் ஒரே கோடு போட்டு, கீழே இருப்பது படிக்கும்படி விட்டு, சரியானதை எழுத வேண்டும்.

செப்டம்பரில் என் ஆய்வுக்குழு கூடவிருந்தது. 58 மணி நேரப் பதிவையும் புதிய முறையில் பொருத்தும் வேலையை வீட்டுக் கணினியில் ஓடவிட்டிருந்தேன். கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பு, வேலை தொடங்கி 61 மணி நேரம் ஆகியிருந்த இரவு, எவ்வளவு முடிந்திருக்கிறது என்று பார்க்க விரும்பினேன். மடிக்கணினி விடுதி அறையில் இருந்தது. துறை ஆய்வகக் கணினியில் உட்கார்ந்தேன். அதில் என் திறவுக்கோப்பு இல்லாததால் வாடகைச் சர்வரின் கடவுச்சொல்லைத் தட்ட வேண்டியிருந்தது. மாற்றி மாற்றித் தவறாகத் தட்டினேன். முதல் முயற்சியில் மூன்று தவறுகள், இரண்டாவதில் மேலும் இரண்டு. மூன்றாம் முயற்சியில் கடவுச்சொல்லே கேட்கவில்லை. மறுப்பு.

வீட்டுக் கணினி விழுந்துவிட்டது என்று முடிவு செய்தேன். ஏன் அப்படி முடிவு செய்தேன் என்று பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அஞ்சிக்கொண்டிருந்தது அதைப் பற்றி, அதனால் கண்டதும் அதுவாக இருந்தது. அப்பாவை எழுப்பினேன்.

"கம்ப்யூட்டர் நின்னுபோச்சா பாருங்கப்பா."

விளக்கைப் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வரும் செருப்பொலி கேட்டது. "இல்லம்மா. ஓடிட்டுதான் இருக்கு. எழுத்தெல்லாம் மேல போயிட்டிருக்கு."

"அது ஓடுற மாதிரி தெரியும். உறைஞ்சிருக்கும். பட்டனை அழுத்திப் பிடிங்க, அணைஞ்சதும் மறுபடி போடுங்க."

"நகருதேம்மா. நின்ன மாதிரி தெரியலை." சிறிது நேரம் கழித்து, "மறுத்தது யாருன்னு பாத்தியா?" என்றார்.

"அப்பா, இது உங்க ஸ்டேஷன் இல்லை. சொன்னதைச் செய்யுங்க."

அவர் பேசவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கணினி மறுபடி எழும் அந்தச் சிறு "பீப்" ஒலி. "போட்டாச்சும்மா" என்றார். நான் சில நிமிடம் கழித்துத் தட்டினேன். இணைப்பு கிடைத்தது. "பாத்தீங்களா, சரியாயிடுச்சு" என்று சொல்லிவிட்டு வைத்தேன். அதைச் சொன்ன குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

உள்ளே போய்ப் பார்த்தபோது 61 மணி நேர வேலையின் சுவடே இல்லை. என் நிரல் விளைவுகளை இடையிடையே சேமிக்காமல், இறுதியில் ஒருசேர எழுதும்படி நானே அமைத்திருந்தேன். கணினி உறைந்தபோதே அது போயிற்று, அப்பா செய்தது இருந்த மீதியைக் காத்தது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். கூட்டத்தில் 11 மணி நேரப் பதிவுக்கான பழைய முடிவுகளைக் காட்டினேன். மூன்று மாதம் கழித்து மீண்டும் வரச் சொன்னார்கள்.

அடுத்த நாள் வேறு வேலையாக வாடகைச் சர்வரின் பதிவுக்கோப்புகளைப் புரட்டினேன். அதில் ஃபெயில்டுபேன் என்ற காவல் நிரல் இருக்கிறது. நிறுவியது நான்தான், மறந்திருந்தேன். அதன் வழக்கமான அமைப்பில், பத்து நிமிடத்துக்குள் ஐந்து முறை கடவுச்சொல் பிழைத்தால் அந்த முகவரியைப் பத்து நிமிடத்துக்குத் தள்ளிவைக்கும். தள்ளிவைக்கும்போது பொதியை விழுங்காமல், அந்தப் போர்ட்டில் யாரும் இல்லை என்ற பொருளில் திருப்பி அனுப்பும். நம் திரையில் அது "மறுக்கப்பட்டது" என்றே தெரியும். கோப்பில் இரண்டு வரிகள் இருந்தன. 23.01க்குத் தள்ளிவைப்பு, 23.11க்கு விடுவிப்பு. இரண்டிலும் எங்கள் ஆய்வகத்தின் முகவரி. நான் வீட்டுக்குள் மீண்டும் நுழைந்தது 23.14. மறுதொடக்கத்துக்கும் இணைப்பு கிடைத்ததற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பத்து நிமிடம் கைகட்டி உட்கார்ந்திருந்தால் போதும். பின்னது முன்னதால் விளைந்தது என்று எண்ணும் பிழையை முதலாண்டு மாணவர்களுக்கு நான் பாடமாக நடத்தியிருக்கிறேன்.

இதைவிடக் கசப்பானது வேறொன்று. ஆய்வகக் கணினியின் முனையம் அந்த இரவின் வரிகளை வைத்திருந்தது. மறுப்புச் செய்தி எப்போதும் மறுத்தவரின் முகவரியையும் போர்ட் எண்ணையும் சேர்த்தே சொல்லும். அங்கே எழுதியிருந்தது வாடகைச் சர்வரின் பெயர், எண் 22. வீட்டுக்குப் போகும் 2222 அந்த வரியில் எங்குமே இல்லை. அப்பா கேட்ட கேள்விக்கு விடை, அவர் கேட்டபோதே, என் கண் முன்னால் இருந்தது.

அன்று மாலை அவரை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். "சரிம்மா" என்றார். சற்றுப் பொறுத்து, "அந்தக் காவக்காரன் பதிவேடு ஒழுங்கா வச்சிருக்கான்" என்றார்.

என்னிடம் வருகிறவர்களுக்கு நான் இப்போது சொல்வது இதுதான். அந்த வரியை வாய்விட்டுப் படியுங்கள், யார், எந்த எண். எண் நீங்கள் எண்ணிய கருவியுடையதுதானா என்று பாருங்கள், தொலைக்காட்சியாக இருக்கலாம். உரிய கருவிதான் என்றால் அதன் முன் உட்கார்ந்து, எஸ்.எஸ்.எச். சர்வர் உயிரோடு இருக்கிறதா, எந்தப் போர்ட்டில், எந்த முகவரியில் காத்திருக்கிறது என்று கேளுங்கள். 127.0.0.1இல் மட்டும் காத்திருந்தால் அது தனக்குத்தானே கதவு திறக்கும், உங்களுக்குத் திறக்காது. அமைப்புக் கோப்பில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் சர்வர் எழாது. அதைச் சோதிக்க அந்த நிரலிலேயே வசதி உண்டு, மறுதொடக்கத்துக்கு முன் சோதித்துவிடுங்கள். உபுண்டு 24.04இல் போர்ட் எண்ணை மாற்றியவர்கள் கவனிக்க: அங்கே கதவருகே காத்திருப்பது சிஸ்டம்டியின் சாக்கெட். அதையும் புதுப்பித்து எழுப்பாவிட்டால் பழைய எண்ணிலேயே நிற்கும், புதிய எண் மறுக்கும். கடைசியாக, காவல் நிரல் ஏதேனும் உங்களைத் தள்ளிவைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஓடுகிற கணினியை அணைக்கச் சொல்வது இந்த வரிசையில் எங்குமே இல்லை.

வாடகைச் சர்வரில் கடவுச்சொல் நுழைவையே மூடிவிட்டேன், திறவுக்கோப்பு மட்டுமே செல்லும். பொருத்தும் நிரல் இப்போது ஒவ்வொரு பதிவு முடிந்ததும் சேமிக்கிறது. டிசம்பரில் 58 மணி நேரமும் முழுதாக முடிந்து, குழுவின் முன் வைத்தேன்.

இடையில் தீபாவளிக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பா கடைக்குப் போயிருந்தபோது அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த இரவுக்கு மூன்று வரிகள் இருந்தன. "23.04. மகள் அழைப்பு. 23.06. கணினி ஓடுகிறது என்று தெரிவித்தேன். 23.09. மகள் சொற்படி மறுதொடக்கம்." காரணம் என்ற பத்தியில் "கணினி உறைந்தது" என்று எழுதியிருந்தார். அதற்கு எதிரே கேள்விக்குறிகூட இல்லை.

நான் பேனாவை எடுத்து அந்த இரண்டு சொற்களின்மேல், கீழே இருப்பது தெரியும்படி ஒரே கோடு போட்டேன். பக்கத்தில் "கணினி நலம். பிழை மகளுடையது" என்று எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். மாலையில் அப்பா அதைப் பார்த்தார். கண்ணாடியை இறக்கிப் படித்துவிட்டு, "நேரம் எழுதலையேம்மா" என்று நோட்டை என்னிடம் நீட்டினார்.